போருக்குப் பின் ஒரு நாட்டை மீண்டும் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் ஓய்ந்ததும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. அரசுக்குத் திறப்பு விழா வேண்டும், உதவும் நாடுகளுக்குப் புகைப்படம் வேண்டும், மக்களுக்குக் கூரை வேண்டும். இவற்றில் கடைசி அவசரம் மட்டுமே நியாயமானது. ஆனால் முதல் சில ஆண்டுகளில் போடப்படும் குழாயும் கம்பியும் சாலையும் அடுத்த இரண்டு தலைமுறைகளின் செலவைத் தீர்மானித்துவிடுகின்றன. சாலை, மின்சாரம், தண்ணீர், வீடு, நிலம், பணம் ஆகியவை பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

போர் நின்றதும் முதலில் எதைக் கட்ட வேண்டும்?

எதையும் கட்ட வேண்டாம். பழுது பார்க்க முடிந்ததை முதலில் பழுது பாருங்கள். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தது. ஆகஸ்ட் 9 அன்று டிராம் வண்டி ஒரு சிறு தொலைவுக்கு மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. அகலச் சாலைகள், பூங்காக்கள் என்று நகரத்துக்கான பெரிய திட்டம் அதன் பிறகுதான் வந்தது; சிறப்புச் சட்டம் வந்தது 1949-இல்தான். அந்த வரிசை சரியானது. இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு ஒரு மோட்டார், அறுந்த மின்கம்பிக்கு ஓர் இணைப்பு, உடைந்த பாலத்தின்மேல் ஒரு தற்காலிக இரும்புப் பாலம் ஆகியவை வாரக்கணக்கில் முடியும் வேலைகள். அவை நடக்கும்போதே எது உடைந்தது, எது வேலை செய்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்கிறாரா, ஊர் திரும்பினாரா என்ற கணக்கை எடுக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான மதிப்பீடுகள் கேட்பதே இல்லை. நிலத்தடிக் குழாய் எங்கே போகிறது என்பது பல ஊர்களில் ஒரு வயதான ஊழியருக்கு மட்டுமே தெரியும். வரைபடம் அலுவலகத்தோடு எரிந்து போயிருக்கும்.

கண்ணிவெடி அகற்றும் பணி முழுமையாக முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992-இல் முடிந்தது. கண்ணிவெடியற்ற நாடாக அது அறிவிக்கப்பட்டது 2015-இல். லாவோஸில் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகள் வீசப்பட்டன. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் விவசாயிகளின் கைகால்களைப் பறிக்கின்றன.

எனவே கேள்வி எதை முதலில் சுத்தம் செய்வது என்பதே. மொசாம்பிக் அனுபவத்தை ஆராய்ந்த பொருளாதார ஆய்வு ஒன்று தெளிவாக ஒன்றைச் சொல்கிறது: ரயில் பாதை, நெடுஞ்சாலை, சந்தை நகரங்கள் ஆகியவற்றைச் சுத்தம் செய்தபோது, அவற்றிலிருந்து வெகு தொலைவில் இருந்த கிராமங்களுக்கும் பலன் கிடைத்தது. கண்ணிவெடி அகற்றும் அணியும் போக்குவரத்துத் திட்டமிடுவோரும் முதல் நாளிலிருந்தே ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தால் அந்தப் பலன் இன்னும் முன்னதாகவே வந்திருக்கும். இரு தரப்பும் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ், வெவ்வேறு நன்கொடையாளர்களின் பணத்தில் இயங்குவதுதான் வழக்கமான சிக்கல்.

இடிபாடுகளை அள்ளி எங்காவது கொட்டிவிட்டால் போதாதா?

அளவை நினைத்துப் பாருங்கள். காசாவில் மட்டும் 5 கோடி டன்னுக்கும் மேலான இடிபாடுகள் குவிந்திருப்பதாக ஐ.நா. 2025-இல் மதிப்பிட்டது. அவ்வளவையும் கொட்ட அந்தச் சிறு நிலப்பரப்பில் இடம் ஏது? மேற்கு பெர்லினில் இரண்டாம் உலகப் போரின் இடிபாடுகளைக் குவித்தே டொய்ஃபல்ஸ்பெர்க் என்ற குன்று எழுந்தது. போலந்துத் தலைநகர் வார்சாவில், அழிக்கப்பட்ட யூதக் குடியிருப்பு இருந்த முரானுவ் பகுதியில், இடிபாட்டை உடைத்துச் செய்த கட்டிகளாலேயே புதிய குடியிருப்புகள் கட்டப்பட்டன.

கான்கிரீட்டை அரைத்துச் சாலை அடித்தளத்துக்குப் பயன்படுத்தலாம். அதற்கான இயந்திரங்கள் அரிதானவை அல்ல. புது ஜல்லிக்காக மலையை வெட்டுவதும் ஆற்று மணலைச் சுரண்டுவதும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் மூன்று விஷயங்களைத் தாண்டித்தான் அரைக்கும் இயந்திரம் வர வேண்டும். இடிபாட்டுக்குள் வெடிக்காத குண்டுகள் இருக்கும். பழைய கூரைகளின் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசி நுரையீரலைத் தாக்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். மீட்கப்படாத உடல்களும் இருக்கும். நான்காவதாக ஒன்றும் உண்டு: இடிந்த சுவர்தான் அந்த இடத்தில் தன் வீடு இருந்தது என்பதற்கு ஒரு குடும்பத்திடம் மிஞ்சிய ஒரே சான்றாக இருக்கலாம். புகைப்படமும் அளவும் எடுத்துப் பதிவு செய்யாமல் புல்டோசரை அனுப்புவது இரண்டாவது இடிப்பு.

தலைக்குமேல் கூரை இல்லாதவர்களிடம் சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவது நியாயமா?

கூரைக்கு வேண்டிய செங்கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நியாயம் புரியும். சூடானின் டார்ஃபூரில் அகதி முகாம்களைச் சுற்றியும் நகரங்களைச் சுற்றியும் கட்டுமானம் பெருகியபோது செங்கல் சூளைகளுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. விறகுக்காகப் பெண்கள் மேலும் மேலும் தொலைவு நடக்க வேண்டியதாயிற்று; அந்த நடையில் அவர்கள் தாக்குதலுக்கும் ஆளானார்கள். இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்பதா, பாதுகாப்புப் பிரச்சினை என்பதா? சூளையில் சுடாத, அழுத்திச் செய்யும் மண்கட்டி போன்ற மாற்றுகளைப் பற்றி யோசிப்பது இதனால்தான் பொழுதுபோக்கு அல்ல.

எதிர்த்திசை உதாரணம் தென்கொரியா. காலனி ஆட்சியாலும் போராலும் மொட்டையான மலைகளில் மண் அரித்து வெள்ளம் பெருகியது. 1973-இல் தொடங்கிய 10 ஆண்டு வனத் திட்டம் 1978-இலேயே இலக்கை எட்டியது. மரம் நட்டது மட்டும் அதற்குக் காரணமல்ல. வீடுகளில் விறகுக்குப் பதிலாக நிலக்கரி எரிபொருள் பரவியதும் காரணம். நிலக்கரியைப் பசுமை என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மக்களுக்கு மாற்று எரிபொருள் தராமல் காட்டைக் காப்பாற்ற முடியாது என்ற பாடம் அப்படியே நிற்கிறது.

மின்சாரத்துக்கு விரைவான வழி டீசல்தானே?

விரைவான வழி, அதனால்தான் ஆபத்தான வழி. காபூலுக்கு அருகே தராகில் என்ற இடத்தில் அமெரிக்க உதவியில் 105 மெகாவாட் டீசல் மின்நிலையம் கட்டப்பட்டது. செலவு ஏறத்தாழ 33.5 கோடி டாலர். கட்டி முடித்த பிறகு தெரிந்தது, அதில் மின்சாரம் தயாரிப்பதைவிட உஸ்பெகிஸ்தானிலிருந்து கம்பி வழியே வாங்குவது பல மடங்கு மலிவு என்று. நிலையம் பெரும்பாலும் அவசரகாலத் துணையாகவே நின்றது. எரிபொருளுக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுவார்கள் என்ற ஒரு கேள்வியைக் காகிதத்திலேயே கேட்டிருக்கலாம்.

லெபனான் கதை இன்னும் கசப்பானது. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர்கள் வந்தன. போர் முடிந்தும் அவை போகவில்லை. அரசு மின்சாரம் 24 மணி நேரமும் வருவதில்லை என்ற நிலையில் ஜெனரேட்டர் உரிமையாளர்களின் தொழில் வேரூன்றியது. 2019-க்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் அரசு மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரமாகச் சுருங்கியபோது, அரசுக்கு ஒன்று, ஜெனரேட்டர் உரிமையாளருக்கு ஒன்று என்று இரண்டு கட்டணங்களோடு, டீசல் புகையால் கெட்ட நகரத்தின் காற்றையும் மக்கள் விலையாகக் கொடுத்தார்கள். கடைசியில் வசதி உள்ளவர்கள் கூரையில் சூரியத் தகடுகளை மாட்டிக்கொண்டார்கள். தற்காலிக ஏற்பாட்டுக்கு முடிவு நாள் எழுதாவிட்டால் அதில் பிழைப்பவர்கள் அதை நிரந்தரமாக்கிவிடுவார்கள்.

லைபீரியாவின் மவுண்ட் காஃபி நீர்மின் நிலையம் 1990-இல் போரில் செயலிழந்தது, பிறகு சூறையாடப்பட்டது. 2016 டிசம்பரில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் தலைநகர் மன்ரோவியா டீசலையே நம்பியிருந்தது. உலகிலேயே மிக விலையுயர்ந்த மின்சாரங்களில் ஒன்றை மிக ஏழை நாடுகளில் ஒன்று வாங்கியது. அணை திரும்பி வந்தபோது விநியோகக் கம்பிகள் போதவில்லை, திருட்டு இணைப்புகள் மலிந்திருந்தன. உற்பத்திக்குத் திறப்பு விழா உண்டு, டிரான்ஸ்ஃபார்மருக்கும் மீட்டருக்கும் கிடையாது. அதனால் பணம் எப்போதும் முதலாவதை நோக்கியே ஓடுகிறது.

உக்ரைன் இன்னொன்றைக் காட்டியிருக்கிறது. ஒரு சில பெரும் மின்நிலையங்களையும் துணை மின்நிலையங்களையும் நம்பிய வலையமைப்பு ஏவுகணைக்கு எளிய இலக்கு. உயர் அழுத்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் கடையில் கிடைப்பவை அல்ல. தயாரித்து வரவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். மருத்துவமனை, நீரேற்று நிலையம், பள்ளி ஆகியவற்றுக்குச் சிறு சிறு சூரிய மின்னமைப்பும் பேட்டரியும் வைப்பது அங்கே பாதுகாப்பு ஏற்பாடாகவும் பார்க்கப்படுகிறது.

போரில் சிதைந்த குடிநீர் வாரியத்தைத் திருத்த முடியுமா? எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நான் இந்தத் துறையில் மிகவும் மதிக்கும் கதை இதுதான், எனவே சற்று நீட்டுகிறேன்.

1993-இல் கம்போடியத் தலைநகர் நோம்பென்னின் குடிநீர் வாரியத்துக்கு எக் சோன் சான் என்ற பொறியாளர் தலைவரானார். உற்பத்தியாகும் தண்ணீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. நகரத்தின் சிறு பகுதிக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம் போல, அழுத்தமே இல்லாத தண்ணீர் வந்தது. வாரிய ஊழியர்களே சட்டவிரோத இணைப்புகளை விற்றார்கள். ஏழைகள் விற்பனையாளர்களிடம் பல மடங்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள்.

அவர் முதலில் செய்தது புதிய அணைக்கட்டு அல்ல. எல்லா இணைப்புகளையும் கணக்கெடுத்தார், எல்லோருக்கும் மீட்டர் பொருத்தினார், திருடிய ஊழியர்களை நீக்கினார், நன்றாக வேலை செய்தவர்களுக்கு ஊதியத்தை உயர்த்தினார். அமைச்சகங்களும் ராணுவத்தினரும்கூடக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றார். பணம் கட்டாத ஒரு தளபதியின் இணைப்பைத் துண்டிக்கப் போனபோது தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். இணைப்பு பிறகு துண்டிக்கப்பட்டது. கட்டணம் படிப்படியாகத்தான் உயர்ந்தது, சேவை மேம்பட்ட பிறகு. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை இருந்தது. சுமார் பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. வளர்ந்த நாடுகளின் பல நகரங்கள் இந்த எண்ணைக் கனவுதான் காண வேண்டும். நகரம் முழுவதும் 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

வெளிநாட்டுப் பணமும் அதில் இருந்தது, பிரெஞ்சு, ஜப்பானிய உதவிகளும் இருந்தன. ஆனால் அந்தப் பணத்தைத் தாங்கிக்கொள்ளும் நிறுவனம் முதலில் உருவாயிற்று. மற்ற இடங்களில் இந்த வரிசை தலைகீழாகவே நடக்கிறது.

உள்ளூர் மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் தாமதமாகாதா?

கேட்காவிட்டால்தான் தாமதம். இலங்கையில் 2009-இல் போர் முடிந்தபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுவரத் திட்டம் தீட்டினார்கள். குடாநாட்டில் பெரிய ஆறுகள் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் நிலத்தடி நீரே ஆதாரம். தேவை உண்மையானது. ஆனால் இரணைமடு நீரில் பயிர் செய்யும் கிளிநொச்சி விவசாயிகள், தங்கள் பாசனம் என்னவாகும் என்று எதிர்த்தார்கள். போரால் நொந்த இரண்டு மாவட்டங்களைத் தண்ணீருக்காக எதிரெதிரே நிறுத்தியது அந்த வரைபடம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024-இல் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரச் செலவு அதிகம். அது ஆண்டுதோறும் தொடரும். தொடக்கத்திலேயே விவசாயிகளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் குளத்து நீரைப் பகிர உடன்பாடு வந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் பல ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

வீடுகளை ஒப்பந்த நிறுவனங்கள் கட்டுவது நல்லதா, மக்களே கட்டிக்கொள்வதா?

முடிந்த இடத்திலெல்லாம் மக்களே. இந்திய உதவியில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த வீட்டுத் திட்டத்தில், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணம் தவணைகளாக வங்கிக் கணக்கில் போடப்பட்டது. அடித்தளம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அடுத்த தவணை. கொத்தனார் கூலியும் மணல் பணமும் ஊருக்குள்ளேயே சுழன்றன. பின்னர் 65,000 முன்தயாரிப்பு இரும்பு வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தும் யோசனை வந்தபோது, வெப்பம், செலவு, பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றைக் காட்டிக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த அளவில் அது நடக்கவில்லை.

மக்களே கட்டும் முறைக்கும் குறை உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டும்போது மணலும் சிமெண்டும் விலை ஏறும், தவணைப் பணம் போதாமல் குடும்பங்கள் கடன் வாங்கும். கணவரை இழந்த பெண்களும் முதியவர்களும் மேஸ்திரிகளிடம் ஏமாறுவார்கள். உதவித் தொகையைப் பொருள் விலைக்கேற்ப உயர்த்துவதும், ஊருக்கு ஒரு தொழில்நுட்ப அலுவலரை நிறுத்துவதும் பெரிய செலவு அல்ல.

பத்திரம் எரிந்து போனவர்களின் நிலம் என்னவாகும்?

இதைத் தீர்க்காமல் போடும் எந்த நகரத் திட்டமும் அடுத்த சண்டைக்கு அழைப்பு. போஸ்னியாவில் போரை முடித்துவைத்த 1995 டேட்டன் உடன்படிக்கை, இடம்பெயர்ந்தோர் தங்கள் வீட்டுக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் வைத்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துக் கோரிக்கைகள் வந்தன. 2000-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலானவற்றுக்கு முடிவு கிடைத்தது. வீட்டைத் திரும்பப் பெற்ற எல்லோரும் அங்கே குடியேறவில்லை, பலர் விற்றுவிட்டார்கள். விற்கவாவது அவர்களிடம் ஒன்று இருந்தது.

சிரியாவில் 2018-இல் வந்த 10-ஆம் சட்டம், மறுகட்டுமான மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமையை நிரூபிக்க முதலில் 30 நாள் கொடுத்தது. கண்டனத்துக்குப் பின் அது ஓராண்டாக்கப்பட்டது. நாட்டைவிட்டு ஓடிய லட்சக்கணக்கானோர் எந்தப் பத்திரத்தோடு, எந்த அலுவலகத்துக்கு வருவார்கள்? பெய்ரூட்டின் நகர மையத்தில் 1994 முதல் ஒரு தனியார் நிறுவனம் மறுகட்டுமானத்தை ஏற்று, உரிமையாளர்களுக்கு இடத்துக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுத்தது. வேலை வேகமாக நடந்தது, கட்டடங்கள் அழகாக எழுந்தன. முன்பு அங்கே கடை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே இடமில்லை.

பழையபடியே கட்டுவதா, புதிதாகவா?

இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. வார்சா தன் பழைய நகரை ஓவியங்களைப் பார்த்துக்கூட அப்படியே மீட்டது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் பழையதை விட்டுப் புது நகரமானது. மக்கள் எதை இழந்ததாக உணர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கடினமான உதாரணம் உக்ரைனின் ககோவ்கா அணை. 1950-களில் கட்டப்பட்ட அது 2023 ஜூன் 6 அன்று உடைந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நீர்த்தேக்கம் வற்றியது. காய்ந்த படுகையில் இப்போது வில்லோ மரக் காடு முளைத்திருக்கிறது. அணையை மீண்டும் கட்டினால் தெற்கு உக்ரைனின் பாசனம் திரும்பும், காடு மூழ்கும். சிறிய அணைகளா, வேறு நீர் வழிகளா என்ற விவாதம் திறந்தே இருக்கிறது, இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பிறகு சேர்க்கலாமா?

வேண்டாம். போர் எத்தனையோ பேரின் கால்களைப் பறித்திருக்கும். கட்டும்போதே சாய்தளம் வைப்பது அற்பச் செலவு, பிறகு இடித்து வைப்பது பெரும் செலவு.

இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்?

உக்ரைனின் மறுகட்டுமானத் தேவையை உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம், உக்ரைன் அரசு ஆகியவை 2022-இல் 34,900 கோடி டாலர் என்று கணக்கிட்டன, ஐ.நா.வும் சேர்ந்து 2025 பிப்ரவரியில் வெளியான கணக்கில் அது 52,400 கோடி. இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோரும் 'மார்ஷல் திட்டம்' என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த 1948-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்தது சுமார் 1,300 கோடி டாலர். தொகையைவிட அது சுழன்ற விதம்தான் கவனிக்கத்தக்கது. உதவியாக வந்த சரக்கை அரசுகள் உள்நாட்டில் விற்று, அந்த உள்நாட்டுப் பணத்தைத் தனி நிதியாகச் சேர்த்தன. மேற்கு ஜெர்மனியில் அதிலிருந்து 1948-இல் கே.எஃப்.டபிள்யூ. என்ற அரசு மறுகட்டுமான வங்கி பிறந்தது, கடனாகக் கொடுத்து, வசூலித்து, மீண்டும் கடன் கொடுத்து இன்றுவரை இயங்குகிறது. 1953 லண்டன் உடன்படிக்கையில் ஜெர்மனியின் பழைய வெளிக்கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடியானதையும் மறக்கக் கூடாது. அதே காலத்துப் பிரிட்டன் 1946-இல் அமெரிக்காவிடம் வாங்கிய கடனின் கடைசித் தவணையை 2006 இறுதியில்தான் கட்டி முடித்தது.

பணம் வரும் காலமும் முக்கியம். போருக்குப் பிந்தைய நாடுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பால் கோலியரும் ஆங்கே ஹோஃப்லரும், உதவி அதிகப் பலன் தருவது 4-ஆம் ஆண்டிலிருந்து 7-ஆம் ஆண்டுவரை என்று கண்டார்கள். தொலைக்காட்சி கேமராக்களும் காசோலைகளும் வருவதோ முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்.

ஊழலைத் தடுக்க முடியுமா?

முழுமையாக முடியாது, மறைப்பதைக் கடினமாக்கலாம். உக்ரைனின் புரோசோரோ இணையதளத்தில் அரசின் டெண்டர்களை யாரும் பார்க்கலாம், எந்த நிறுவனம் எவ்வளவு கேட்டது என்பது உட்பட. பத்திரிகையாளர்கள் அதை உண்மையிலேயே தோண்டிப் பார்க்கிறார்கள். தளம் இருந்து, தோண்டுபவர் சிறையில் இருந்தால் பயனில்லை.

பராமரிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஆப்கானிஸ்தானின் சாலைகளைப் பாருங்கள். காபூல்–காந்தஹார் நெடுஞ்சாலை 2003 டிசம்பரில் அவசர அவசரமாகத் திறக்கப்பட்டது. அமெரிக்கப் பணத்தில் போடப்பட்ட சாலைகளில் 20 பகுதிகளை அமெரிக்கத் தணிக்கை அமைப்பான சிகார் பின்னர் சோதித்து, 2016-இல் அறிக்கை வெளியிட்டது, 19-இல் சேதம். சில இடங்களில் குண்டுவெடிப்பு, பல இடங்களில் வெறும் விரிசலும் பள்ளமும். பராமரிப்புக்கான ஆண்டுச் செலவை ஏற்க அந்த நாட்டின் வருவாய் போதவில்லை. சாலைக்கு நிதி ஒதுக்கும் ஒப்பந்தத்திலேயே பத்து ஆண்டுப் பராமரிப்பையும், எரிபொருள் வரி போன்ற அதற்கான நிரந்தர வருவாயையும் எழுதச் சொல்லுங்கள். நன்கொடையாளர் மறுத்தால் சாலையின் நீளத்தைக் குறையுங்கள்.

போர் நடக்கும்போதே திட்டமிடலாமா?

தகவல் சேகரிக்கலாம், சேதத்தைப் பதிவு செய்யலாம், பொறியாளர்களைப் பயிற்றுவிக்கலாம். இறுதி வரைபடத்தைப் பூட்டிவிட வேண்டாம். ராட்டர்டாம்மீது ஜெர்மன் விமானங்கள் 1940 மே 14 அன்று குண்டு வீசின. நான்கே நாட்களில் நகரக் கட்டடக் கலைஞர் விட்டவேனிடம் மறுகட்டுமானத் திட்டம் வரையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் திட்டம் விவாதத்திலேயே இருந்தது, கட்டுமானம் முடங்கியது. 1946-இல் நகரம் ஏற்றுக்கொண்டது அவருடையதை அல்ல, வான் திரா என்பவர் வரைந்த, இன்னும் நெகிழ்வான வேறொரு திட்டத்தை. இடைப்பட்ட ஆண்டுகளில் கையகப்படுத்தப்பட்ட நிலமும் புதைவழிக் குழாய்களின் கணக்கும் மட்டும் வீண் போகவில்லை. வான் திராவின் தெருக்கள் அவற்றின்மேல்தான் போடப்பட்டன.